தொப்புள் கொடி உதிரும் வரை...



ஒரு வீட்டில் குழந்தை பிறந்துவிட்டால் அந்த வீட்டின் முகமே மாறிவிடுகிறது. குழந்தையின் வலச்செவியில் பாங்கு சொல்லப்படுகிறது. என்ன பெயர் வைப்பது என்ற பேச்சு தொடங்கிவிடுகிறது. ஏழாம் நாள் அகீகாவுக்கு ஆடு பார்க்க ஆள் அனுப்பப்படுகிறது. வளைகுடா நாட்டில் உழைத்துக் கொண்டிருக்கும் தந்தை, கைபேசித் திரையில் தன் மழலையின் முகத்தைக் கண்டு கண் கலங்குகிறார்.

இத்தனை ஆரவாரத்துக்கும் நடுவே, குழந்தையின் வயிற்றில் விரல் கணு அளவே உள்ள ஒரு சிறு துண்டு ஒட்டிக் கொண்டிருக்கிறது. பார்க்க வருகிற ஒவ்வொருவரும் துணியை விலக்கி அதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். "இன்னும் கொடி விழவில்லையா?" என்று கேட்கிறார்கள். ஒருவர் விளக்கெண்ணெய் வைக்கச் சொல்கிறார். மற்றவர் மஞ்சள் என்கிறார். மூன்றாமவர் வசம்பைச் சுட்டு உரைத்துத் தடவச் சொல்கிறார். பிள்ளை பெற்ற இளந்தாய் எதைக் கேட்பது, எதை விடுவது என்று திகைத்துப் போகிறாள்.

அந்தச் சிறு துண்டைப் பற்றியதே இக்கட்டுரை. மருத்துவ உலகம் இன்று கூறும் முடிவு மிக எளிமையானது: கொடியைத் தூய்மையாக வைத்திருங்கள்; உலர விடுங்கள்; அதன் மீது எதையும் வைக்காதீர்கள். சொல்வதற்கு இது எளிது. ஆனால் அன்பு மிகுந்த ஒரு வீட்டில் கைகளைக் கட்டிக் கொண்டிருப்பது அத்தனை எளிதன்று. காரணம் விளங்கிவிட்டால் கைகள் தாமே அடங்கும். ஆகவே காரணத்திலிருந்தே தொடங்குவோம்.

கொடி என்பது என்ன?

கருவறையில் இருக்கும் சிசு வாயால் உண்பதில்லை, மூக்கால் சுவாசிப்பதுமில்லை. அதற்கு வேண்டிய உணவும் உயிர்க்காற்றும் தொப்புள் கொடி வழியாகவே வந்து சேர்கின்றன. ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளமுள்ள அக்கொடிக்குள் மூன்று இரத்தக் குழாய்கள் உள்ளன. நஞ்சிலிருந்து தூய இரத்தத்தைச் சிசுவுக்குக் கொண்டு வருவது ஒன்று. சிசுவிடமிருந்து கழிவு கலந்த இரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்பவை இரண்டு. இம்மூன்றும் நசுங்காமல் இருக்கும் பொருட்டு, கூழ் போன்ற ஒரு பொருள் அவற்றைச் சூழ்ந்து காக்கிறது. படைத்தவனின் ஏற்பாட்டை என்னவென்று சொல்வது!

குழந்தை பிறந்ததும் கொடியை இறுக்கிக் கட்டி வெட்டிவிடுகிறார்கள். வயிற்றோடு எஞ்சி நிற்கும் துண்டுக்கு அதன் பின் இரத்த ஓட்டம் இல்லை. அதில் உணர்ச்சி நரம்புகளும் இல்லாமையால் அது குழந்தைக்கு வலிப்பதில்லை. முதலில் வெண்மையாகவும் ஈரமாகவும் இருக்கும் அத்துண்டு, ஓரிரு நாளில் மஞ்சளும் பழுப்புமாகி, பின்னர் கறுத்துச் சுருங்கிக் காய்கிறது. உடலின் வெள்ளை அணுக்கள் அடிப்பகுதியில் கூடி, உயிருள்ள சதையையும் உயிரற்ற துண்டையும் சிறுகச் சிறுகப் பிரிக்கின்றன. பெரும்பாலான குழந்தைகளுக்கு 5 முதல் 15 நாட்களுக்குள் கொடி உதிர்ந்துவிடும். மூன்றாம் நாளே விழுந்தாக வேண்டும் என்பதுமில்லை. ஏழாம் நாளுக்குள் விழாவிட்டால் குறை என்பதுமில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வெளித்துண்டு காய்ந்து போனாலும், வயிற்றுக்குள் இருக்கும் குழாய்கள் உடனே முழுவதுமாக மூடிக் கொள்வதில்லை. அதற்குச் சில நாட்கள், சில வாரங்கள் கூட ஆகும். கொடியின் பெரிய குழாய் நேரே கல்லீரலை நோக்கிச் செல்கிறது. பிறந்த சில நாட்களுக்குள் கடும் நோயுற்ற குழந்தைக்கு மருந்து ஏற்ற வேண்டி வந்தால், மருத்துவர்கள் இந்தக் கொடிக் குழாயின் வழியாகவே மெல்லிய குழலைச் செலுத்துவதுண்டு. மருந்து செல்லக்கூடிய அதே வழியில் கிருமியும் செல்லும் அன்றோ? தொப்புளில் நாம் வைப்பது தோலின் மேல் வைக்கும் பூச்சு போன்றதன்று. குழந்தையின் இரத்தத்தின் வாசற்படியில் வைப்பதாகும்.

நம் மண்ணும் மாட்டுக் கொட்டிலும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் விவசாய பூமி. குன்னம், வேப்பூர்ப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும். ஆலத்தூர்ப் பக்கம் சின்ன வெங்காயம். செயங்கொண்டம், ஆண்டிமடம் வட்டாரங்களில் முந்திரி. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் ஆடவர் பலர் கடல் கடந்து சென்றாலும், வீட்டுக் கொல்லையில் ஒரு பசுவோ நான்கு ஆடுகளோ இல்லாத வீதி அரிது. கால்நடை நமக்கு அருட்கொடை. ஆனால் கால்நடையின் குடலிலும் சாணத்திலும், சாணம் கலந்த மண்ணிலும் ரண ஜன்னிக் கிருமியின் விதைகள் உறைந்து கிடக்கும் என்பதை நாம் மறந்துவிடலாகாது. அவ்விதைகள் வெயிலுக்கும் எளிதில் அழிவதில்லை; சிறிது நேரம் கொதித்த நீருக்கும் அழிவதில்லை. காற்றுப் புகாத, ஈரமான புண்ணில்தான் அவை முளைத்து நஞ்சைக் கக்குகின்றன. எண்ணெயும் பொடியும் குழைத்து அப்பி, துணியால் இறுகக் கட்டிய தொப்புள் அவற்றுக்கு எத்தகைய விளைநிலம் என்பதை எண்ணிப் பாருங்கள்!

நம் பழைய குடும்பங்களில் "தங்காத பிள்ளை" என்றொரு சொல் வழங்கி வந்தது. நன்றாகப் பிறந்தது, இரண்டு நாள் நன்றாகப் பாலும் குடித்தது, பின்பு வாய் திறக்கவில்லை, உடல் வில்லாக வளைந்தது, போய்விட்டது. கண்ணேறு என்றார்கள், சீர் தட்டியது என்றார்கள், ஓதிப் பார்க்க ஓடினார்கள். பிறந்த முதல் இரண்டு நாள் இயல்பாகப் பால் அருந்திய குழந்தை, மூன்றாம் நாளுக்கும் இருபத்தெட்டாம் நாளுக்கும் இடையில் பால் உறிஞ்ச இயலாமற் போய், உடல் விறைத்து, வலிப்புக் காணுதல் பச்சிளங்குழந்தைகளுக்கு வரும் ரண ஜன்னியின் அடையாளம் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. அழுக்கான அரிவாளால் வெட்டப்பட்ட கொடியும், அதன் மேல் வைக்கப்பட்ட சாணமும் சாம்பலும் எத்தனை தாய்மாரின் மடியை வெறுமையாக்கினவோ! 1988-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 7,87,000 பச்சிளங்குழந்தைகள் இந்நோயால் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2018-இல் அத்தொகை 25,000 ஆகக் குறைந்துவிட்டது.

இந்த மாற்றம் தானாக வரவில்லை. கருவுற்ற தாய்க்குப் போடப்பட்ட தடுப்பூசி ஒரு காரணம். தூய கைகள், தூய விரிப்பு, தூய கத்தி, தூய நூல், எதுவும் பூசாத தூய கொடி என்னும் ஐந்து தூய்மைகள் மற்றொரு காரணம். 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில், தாய் சேய் ரண ஜன்னியை ஒழித்த நாடாக இந்தியா அறிவிக்கப்பட்டது. ஒழித்தல் என்பதன் பொருள், எந்த மாவட்டத்திலும் 1,000 பிறப்புக்கு ஒன்றுக்கும் குறைவாக நோய் இருக்க வேண்டும் என்பதாகும். நோய் குறைந்ததே தவிர, மண்ணில் உள்ள கிருமி குறையவில்லை. ஆதலால் கருவுற்ற ஒவ்வொரு சகோதரியும் தடுப்பூசியைத் தவறாமல் போட்டுக் கொள்ள வேண்டும். முதல் கருவாயின், கரு உறுதியானதும் ஒன்றும் 4 வாரம் கழித்து மற்றொன்றும் போடப்படும். 3 ஆண்டுகளுக்குள் மீண்டும் கருவுற்றால் ஓர் ஊசி போதுமானது. முன்பு ரண ஜன்னிக்கு மட்டுமே இருந்த ஊசி, இப்போது தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் ஊசியாக அளிக்கப்படுகிறது. தாயின் உடலில் உருவாகும் காப்பு, கொடி வழியாகவே சிசுவுக்குச் செல்கிறது என்பது எண்ணி மகிழத்தக்கது.

நாம் என்னென்ன வைக்கிறோம்?

தமிழகத்தில் இன்று 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நடைபெறுகின்றன. கொடி தூய கத்தரியால் வெட்டப்படுகிறது. அழுக்கு அரிவாளின் காலம் போய்விட்டது. ஆனால் குழந்தை வீடு திரும்பிய பிறகு அந்தத் தூய கொடி என்ன பாடுபடுகிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விளக்கெண்ணெய், தேங்காய் எண்ணெய்: எண்ணெய் கொடியை உலர விடாது. ஈரம் தங்கினால் கிருமி பெருகும்; கொடி விழுவதும் தாமதமாகும்.

மஞ்சள், வசம்பு, சாம்பல்: நல்ல மருந்துப் பொருள்களாகவே இருக்கட்டும். அஞ்சறைப் பெட்டியில் கிடந்த தூளும், கல்லில் உரைத்த விழுதும், அடுப்புச் சாம்பலும் கிருமி நீக்கப்பட்டவை அல்ல. குழந்தையின் கொடிக்கு அவற்றால் வரும் நன்மை நிச்சயமில்லை. தீமைக்கோ வழி உண்டு.

சுர்மா, மை: சில வீடுகளில் கண்ணுக்கு இடும் சுர்மாவையே தொப்புளுக்கும் தடவுகிறார்கள். கடைகளில் விற்கும் பல சுர்மாக்களில் ஈயம் கலந்திருப்பது சோதனைகளில் தெரிய வந்துள்ளது. ஈயம் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. அதைத் தொப்புளுக்கும் இடலாகாது. குழந்தையின் கண்ணுக்கும் இடலாகாது.

முகப்பூச்சுப் பொடி: இது ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகி, தொப்புள் மடிப்பில் தங்கிப் புண்ணாக்கும், மூச்சில் கலந்து நுரையீரலுக்கும் கெடுதி செய்யும்.

வெற்றிலை ஒத்தடம்: விளக்கில் வாட்டிய வெற்றிலையாலும், சூடேற்றிய விரலாலும் ஒற்றுவதால் பச்சைத் தோல் வெந்து போக நேரும். சூடு நமக்கு இதமாக இருக்கலாம். பிறந்து மூன்றே நாளான தோலுக்கு அதைத் தாங்கும் ஆற்றல் இல்லை.

இறுக்கிக் கட்டும் வயிற்றுத் துணி: இது காற்றைத் தடுக்கிறது, ஈரத்தைத் தேக்குகிறது, குழந்தை வயிறு அசைத்து மூச்சு விடவும் இடையூறு செய்கிறது.

இவற்றை எல்லாம் செய்தவர்கள் அறியாமையால் செய்த கொடியவர்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஒரு பச்சைப் புண்ணைக் கண்டால் ஏதேனும் மருந்திட வேண்டும் என்று துடிப்பது தாயுள்ளத்தின் இயல்பு. அந்தத் துடிப்பு மருத்துவர்களுக்கும் இருந்தது.

மருத்துவர்களும் மாறினார்கள்

பத்து நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த பேரறிஞர் இப்னு ஸீனா, தமது "கானூன்" என்னும் மருத்துவப் பெருநூலில் பச்சிளங்குழந்தை பராமரிப்புக்கெனத் தனிப் பகுதியே எழுதியிருக்கிறார். கொடியை நான்கு விரல் அளவு விட்டு வெட்ட வேண்டும் என்கிறார். தூய கம்பளி நூலால் கட்டச் சொல்கிறார். எண்ணெயில் நனைத்த துணியை அதன் மேல் வைக்கவும், சில மூலிகைப் பொடிகளைத் தூவவும் வழி கூறுகிறார். தூய நூலை வலியுறுத்திய அவரது கூர்மை இன்றும் வியக்கத்தக்கது. எண்ணெயும் பொடியும் அவர் காலத்து அறிவின் எல்லை. கிருமி என்ற ஒன்றை நுண்ணோக்கியில் எவரும் காணாத காலம் அது.

இருபதாம் நூற்றாண்டு மருத்துவமனைகளும் வெறுங்கையோடு இருக்கவில்லை. ஊதா நிற மருந்தைத் தடவினார்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் நாள்தோறும் துடைத்தார்கள். கிருமிநாசினிப் பொடி தூவினார்கள். இன்று நாற்பது வயதைக் கடந்த தாய்மார் பலர், "எங்களுக்கு மருத்துவமனையிலேயே ஸ்பிரிட் கொடுத்தார்களே!" என்று கேட்பது அதனால்தான். அவர்கள் சொல்வது உண்மை. ஆனால் பின்னர் ஒப்பிட்டு ஆராய்ந்தபோது, ஸ்பிரிட் வைத்த கொடி எதுவும் வைக்காத கொடியைவிடத் தாமதமாகவே உதிர்ந்தது. 1998-இல் உலக சுகாதார நிறுவனம், அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கையில், தூய்மையாகவும் உலர்வாகவும் வைத்திருப்பதையே முன்வைத்தது.

இதற்கு விதிவிலக்கு ஒன்றும் உண்டு. அது நம் அண்டை நாடுகளிலிருந்து வந்தது. நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேயே பிறந்து வந்தனர். அங்கு குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினியால் கொடியைத் துடைத்தபோது பச்சிளங்குழந்தைகளின் இறப்பு 24 விழுக்காடு குறைந்ததாக 2006-இல் ஆய்வு முடிவு வெளியாயிற்று. பாகிஸ்தானின் சிந்து மாநிலத்து தாது மாவட்டத்திலும், வங்காள தேசத்துச் சில்ஹெட்டிலும் நடந்த ஆய்வுகள் 2012-இல் இதே திசையைக் காட்டின. ஆனால் ஜாம்பியா நாட்டிலும், தான்சானியாவைச் சேர்ந்த பெம்பா தீவிலும் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் 2016-இல் வெளிவந்தபோது, இறப்பில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இவற்றை எல்லாம் சீர்தூக்கி, உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பொதுவிதியாகக் கூறியது முன்னர்க் கூறியதையேதான்: தூய்மை, உலர்வு. சாணம் போன்ற தீய பொருள்களைக் கொடியில் வைக்கும் வழக்கம் பரவலாக உள்ள இடங்களில் மட்டும், அவற்றுக்கு மாற்றாக முதல் வாரம் குளோர்ஹெக்சிடின் இடலாம் என்றது. ஆக, மருந்துக்கு இடம் இல்லாமல் இல்லை. அது எந்த நிலைக்கு என்பதை மருத்துவர் அறிவார். குழந்தை மருத்துவமனையில் பிறந்து, வீட்டார் கொடியில் எதையும் வைக்காதிருந்தால், அம்மருந்துக்கும் தேவை எழுவதில்லை. மருத்துவர் ஒரு குழந்தைக்கெனத் தனியாக எழுதிக் கொடுத்தால் அதன்படி நடக்க வேண்டும். கடையில் நாமே கேட்டு வாங்கி வைக்கலாகாது.

அன்றாடம் செய்ய வேண்டியவை

குழந்தையைத் தொடுமுன் சோப்பிட்டுக் கை கழுவுங்கள். நாளொன்றுக்கு ஐவேளை உளூச் செய்து பழகிய நமக்குக் கை கழுவுவது புதிதன்று. மலம் கழுவிய கையோடு, ஆட்டுக்குத் தழை போட்ட கையோடு, காசு எண்ணிய கையோடு குழந்தையைத் தூக்காதிருப்பதே கொடிக்கு நாம் செய்யும் முதல் மருத்துவம்.

இடுப்புத் துணியைக் கொடிக்குக் கீழே வருமாறு மடித்துக் கட்டுங்கள். கடையில் வாங்கும் டயப்பராயினும் மேல் விளிம்பை மடித்துவிடுங்கள். சிறுநீர் கொடியில் படலாகாது. காற்று அதன் மேல் படவேண்டும். தளர்ந்த பருத்திச் சட்டையே போதுமானது.

கொடியில் மலமோ சிறுநீரோ பட்டுவிட்டால், கொதித்து ஆறிய நீரில் நனைத்த தூய துணியால் மெல்லத் துடைத்து, உலர்ந்த தூய துணியால் ஒற்றி எடுங்கள்.

பிறந்து 24 மணி நேரம் வரை குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டாம். அதன் பின்னும், கொடி உதிரும் வரை வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியால் உடலைத் துடைத்து எடுப்பதே எளிய வழி. காலில் போட்டு, எண்ணெய் தேய்த்து, நீர் ஊற்றிக் குளிப்பாட்டும் பெரியவர்கள் சில நாட்கள் பொறுத்திருந்தால், பிறகு ஆசை தீரக் குளிப்பாட்டலாம்.

ஏழாம் நாள் தலைமுடி இறக்கும்போது கொடி விழாமல் இருக்கலாம். அதற்காக முடி இறக்குவதைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கொடியைப் பிய்த்து எடுக்க வேண்டியதும் இல்லை. புதிய பிளேடும் கழுவிய கையும் இருக்கட்டும். முடி இறக்கிய பின் தலையை மட்டும் நனைத்துத் துடைத்தால் போதும். உடல் முழுதும் நீர் ஊற்ற வேண்டாம். அன்றைய விருந்தில் கூடும் உறவினர் அனைவரும் குழந்தையின் வயிற்றைத் தொட்டுப் பார்க்காதபடி வீட்டார் அன்போடு காத்துக் கொள்ள வேண்டும்.

நூலிழையில் தொங்கினாலும் கொடியை இழுக்காதீர்கள். அது தானே உதிரட்டும்.

தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம். பிறந்தவுடன் சுரக்கும் சீம்பாலில் நோயை எதிர்க்கும் ஆற்றல் நிறைந்துள்ளது. கொடிக்கு வெளியிலிருந்து நாம் தேடும் மருந்து, தாயின் மார்பில் முன்னமே வைக்கப்பட்டிருக்கிறது.

எப்போது ஓட வேண்டும்?

கொடி விழும் தருணத்தில் அடியில் சிறிது பிசுபிசுப்பும், துணியில் ஒன்றிரண்டு துளி இரத்தமும் காணப்படுவது இயல்பு. அதற்கு அஞ்ச வேண்டாம். ஆனால் பின்வருவனவற்றுள் ஒன்று கண்டாலும் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்:

1. தொப்புளைச் சுற்றியுள்ள தோல் சிவந்து, வீங்கி, சூடாக இருத்தல்.
2. சீழ் வடிதல் அல்லது துர்நாற்றம் வீசுதல்.
3. துடைத்த பின்னும் இரத்தம் நில்லாமல் கசிதல்.
4. குழந்தை பால் குடிக்க மறுத்தல், சோர்ந்து கிடத்தல், எழுப்பினாலும் விழிக்காதிருத்தல்.
5. காய்ச்சல், அல்லது உடல் சில்லிட்டுப் போதல்.
6. மூச்சு வாங்குதல் (அமைதியாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முறை அல்லது அதற்கு மேல்).
7. உடல் விறைத்தல், வலிப்பு.

சிவப்பு சிறியதாகத்தானே இருக்கிறது என்று ஓர் இரவு காத்திருப்பது ஆபத்து. பச்சிளங்குழந்தையின் உடலில் நோய் மணிக்கணக்கில் பரவும். ஓதிப் பார்ப்பவர் ஓதட்டும், பிரார்த்தனையும் செய்வோம். ஆனால் வண்டி புறப்படுவது அதற்காகத் தாமதிக்கலாகாது. நோய்க்கு மருத்துவம் செய்து கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருப்பதை நாம் அறிவோம்.

108 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஊர்தி வரும். பெரம்பலூரில் அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் உள்ளன. நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனைகளில் சிகிச்சையும் மருந்தும் போக்குவரத்தும் இலவசமாக அளிக்க வேண்டும் என்பது 2011-இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின் விதி. கையில் பணமில்லை என்று எந்தத் தாயும் வீட்டில் தங்கிவிட வேண்டியதில்லை.

வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியரை வாசலோடு அனுப்பிவிடாதீர்கள். மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதியர், கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சியளித்து வீடு வீடாக அனுப்பி, பச்சிளங்குழந்தைகளைக் கவனிக்கச் செய்தார்கள். அக்கிராமங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு, ஒப்பிடப்பட்ட மற்றக் கிராமங்களைவிட 62 விழுக்காடு குறைந்தது என்பது 1999-இல் உலகறியச் செய்யப்பட்டது. செவிலியர் வரும்போது கொடியைக் காட்டுங்கள், ஐயங்களைக் கேளுங்கள்.

பெரியவர்களிடம் எப்படிச் சொல்வது?

பல இளந்தாய்மாரின் உண்மையான இடர்ப்பாடு இதுவே. கணவர் துபாயிலோ சவூதியிலோ இருப்பார். வீட்டில் மாமியாரின் சொல்லே முடிவு. மாமியாரோ நான்கைந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியவர். "எல்லாருக்கும் விளக்கெண்ணெய்தான் வைத்தேன், ஒன்றும் ஆகவில்லையே!" என்பார். அவர் கூறுவது பொய்யன்று. எதுவும் ஆகாமல் வளர்ந்த பிள்ளைகள் நம் கண்முன் இருக்கிறார்கள். தங்காமற் போன பிள்ளைகள் கணக்குச் சொல்ல வருவதில்லை.

வாதாடி வெல்வதைவிட அன்பால் இணங்க வைப்பதே மேல். "மாமி, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது, உறங்க வைப்பது எல்லாம் உங்கள் கைதான். கொடியை மட்டும் விழுகிற வரைக்கும் விட்டுவிடச் சொல்லி டாக்டரம்மா சொன்னாங்க. அதுவும் பத்துப் பதினைந்து நாள்தானே மாமி!" என்று சொல்லிப் பாருங்கள். பேறுகாலத்துக்கு முன்பே மாமியாரையும் உடன் அழைத்துச் சென்று, மருத்துவர் வாயாலேயே கேட்கச் செய்வது இன்னும் நல்லது. துடிக்கும் கைக்கு ஒரு வேலையும் கொடுங்கள்: நாள்தோறும் காலையில் கொடியைப் பார்த்துச் சிவப்பு உண்டா, நாற்றம் உண்டா என்று சொல்வது அவர் பொறுப்பாகட்டும். பல பிள்ளைகளைக் கண்ட அந்தக் கண், மாற்றத்தை எவரினும் முதலில் கண்டுகொள்ளும்.

அயல்நாட்டில் இருக்கும் சகோதரர்களே! உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. தொலைபேசியில் உங்கள் தாயாரிடம் நீங்கள் பணிவோடு சொல்லும் ஒரு வார்த்தை, உங்கள் மனைவி சொல்லும் நூறு வார்த்தைக்குச் சமம்.

கொடி உதிர்ந்த பின்

உதிர்ந்த கொடியைச் சிலர் வெள்ளித் தாயத்தில் அடைத்துக் குழந்தையின் இடுப்பில் கட்டுகிறார்கள். அதனால் நன்மை எதுவும் இல்லை. இடுப்புக் கயிறு இறுகித் தோலைப் புண்ணாக்குவதுதான் மிச்சம். தூய இடத்தில் புதைத்துவிடுவதே முறை.

கொடி உதிர்ந்த இடம் ஓரிரு நாள் ஈரமாக இருந்து ஆறிவிடும். ஆறாமல், சிவந்த சிறு சதைத் துணுக்கு ஒன்று முளைத்து நீர் கசிந்தால், அதற்கு எளிய மருத்துவம் உண்டு. மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களே உப்பு, பொடி வைத்துச் சோதிக்க வேண்டாம். குழந்தை அழும்போது தொப்புள் புடைத்து வெளித்தள்ளினால் காசை வைத்துக் கட்டும் வழக்கமும் நம்மிடம் உண்டு. காசு அதைச் சரி செய்வதில்லை, தோலைத்தான் புண்ணாக்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்புடைப்பு சில ஆண்டுகளுக்குள் தானே அடங்கிவிடும். புடைப்பு கல்லாக இறுகி, குழந்தை ஓயாமல் அழுது வாந்தி எடுத்தால் மட்டும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மூன்று வாரம் கடந்தும் கொடி விழவில்லையாயினும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அரிதாகச் சில குழந்தைகளுக்கு வெள்ளை அணுக்களில் உள்ள குறைபாட்டால் அவ்வாறு நேர்வதுண்டு.

சகோதரிகளே! பத்து மாதம் சுமந்த உங்களிடம் இக்கட்டுரை கேட்பது இன்னும் பதினைந்து நாள் பொறுமை. கழுவிய கை, உலர்ந்த துணி, விழித்திருக்கும் கண் ஆகிய மூன்றும் போதும். எண்ணெய்க் கிண்ணம் அலமாரியிலேயே இருக்கட்டும். கொடி தானே காய்ந்து, தானே உதிரும். அல்லாஹ் நம் மழலைகள் அனைவருக்கும் நலமும் நீண்ட ஆயுளும் நல்குவானாக! ஆமீன்.